செடி வடிகட்டியும் ஒரு பிடி பொரியும்

வீட்டுத் தோட்டங்களில் குளம் கட்டித் தரும் தொழிலுக்குப் புதிதாக வந்திருப்பவர்களே! உங்கள் வாட்ஸ்அப் குழுவில் என்னைக் கேட்காமலே சேர்த்துவிட்டு, "அண்ணே, உங்க அனுபவத்தைக் கொஞ்சம் எழுதுங்க" என்று கேட்டிருக்கிறீர்கள். என் இரண்டு முழங்கால்களும் ஒன்றாகப் பேசிவைத்துக்கொண்டு வேலையை விட்டு நின்றுவிட்டதால், ஐம்பத்து மூன்று வயதிலேயே ஓய்வு பெற்றவன் நான். அனுபவம் என்று நீங்கள் மரியாதையாகச் சொல்வதற்கு என் மனைவி வேறு பெயர் வைத்திருக்கிறாள். அதை எழுத்தில் போட முடியாது.

எந்த அளவு ஜல்லி, எத்தனை அங்குலக் குழாய், எவ்வளவு பெரிய பம்பு என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்வதற்கு யூடியூபில் தொப்பி போட்ட ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஆனால் குளம் பச்சையாகிப்போய், வீட்டுக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கும்போது நம் வயிற்றுக்குள் என்ன நடக்கும் என்பதை அவர்களில் ஒருவரும் சொன்னதில்லை. அந்த இலாகா என்னுடையது.

செடி வடிகட்டி என்றால் என்னவென்றே தெரியாமல் இந்தத் தொழிலுக்கு வந்த ஒருவர் உங்களில் இருக்கிறாராம். அவருக்காக மட்டும் நாலு வரி. குளத்துக் கரையில் உயரமாக ஒரு தொட்டி. நான் நீல பிளாஸ்டிக் டிரம்மைக் குறுக்கே அறுத்து, இரண்டு தொட்டியாக்கி வைப்பேன். உள்ளே ஜல்லி. ஜல்லியில் கல்வாழை, வெட்டிவேர், சேம்பு. குளத்துத் தண்ணீரைச் சின்ன பம்பு தொட்டியின் அடிக்கு ஏற்றும். அது ஜல்லிக்கும் வேருக்கும் இடையில் மெதுவாக ஏறி, மேலே வழிந்து, திரும்பக் குளத்தில் விழும். மீனின் கழிவைச் செடி தின்னும். அதற்கு முன் அந்தக் கழிவைச் செடிக்கு ஏற்றபடி சமைத்துக் கொடுக்க, ஜல்லியில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வழுவழுவென்று குடியேற வேண்டும். அவை குடிவரச் சில வாரங்கள் ஆகும். அவ்வளவுதான். இதில் மனிதன் செய்ய வேண்டிய வேலை, கட்டி முடித்த பிறகு, ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் இருக்க மனிதனுக்கு எங்கே தெரிகிறது?

மந்தைவெளியில் ஒரு தனி வீடு. மாமா, மாமி இருவர் மட்டும். மாமா ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், எதை எங்கே ஒதுக்குவது என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். வீட்டுக்கு வந்த பிறகு, ஒதுக்க மாமி ஒருவர்தான் இருந்தார். அவரோ ஒதுங்குகிற ரகம் இல்லை. "அப்பா கண்ணுக்கு ஏதாவது வேலை கொடுங்கோ" என்று சிங்கப்பூரில் இருக்கும் மகள் என்னைப் பிடித்தாள். பின்பக்கம் துவைக்கிற கல் இருந்த இடத்தைப் பெயர்த்துவிட்டு, இரண்டரை அடி ஆழத்தில் ஒரு குளம் கட்டினேன். கொளத்தூர் வண்ணமீன் சந்தையிலிருந்து பதினோரு மீன்கள் வந்தன. துவைக்கிற கல்லை மாமி அவ்வளவு லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. அது மாமரத்தடியில், என்றைக்காவது திரும்ப வருவேன் என்று சொல்வதுபோலச் சாய்ந்து நின்றது.

மாமா தினமும் காலையில் ஆறரைக்கும் மாலையில் ஐந்துக்கும் கரையில் உட்கார்ந்து மீன்களை எண்ணுவார். எண்ணி முடித்ததும் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். "பதினோரு வண்டியும் வந்தாச்சு!"

உள்ளேயிருந்து மாமி, "பிளாட்பாரத்துலயே உக்காந்திருங்கோ, காபி வரும்" என்பார்.

நல்ல குடும்பம். அதைக் கெடுக்க நான் போதும்.

குளம் திறக்கிற நாளன்று எனக்கு ஒரு சங்கடம். செடி வடிகட்டியைப் பார்த்தால் ஒருவருக்கும் மதிப்பு வராது. அறுத்த டிரம், அதில் இரண்டு கல்வாழைக் கன்று. வெளிநாட்டு இயந்திரம் என்றால் விளக்கு எரியும், பொத்தான் இருக்கும், வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார். கல்வாழை பக்கத்தில் நின்று யார் படம் எடுப்பார்கள்? அதனால் நானே ஒரு திறப்பு விழா கண்டுபிடித்து வைத்திருந்தேன். என் நிறுவனத்தின் மஞ்சள் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொள்வேன். அதன் முதுகில் கொட்டை எழுத்தில் "செடி இருக்க ரசாயனம் எதற்கு?" என்று அச்சடித்திருக்கும். கையில் ஒரு பை நிறையப் பொரி. மயிலாப்பூர்ப் பக்கத்து ஆட்களுக்கு மீனைப் பார்த்தால் கை தானாகப் பொரியைத் தேடும். தெப்பக்குளத்துப் படியில் நின்று பழகிய கை. வீட்டாரை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு ஒரு பிடி போடச் சொல்லி, முகத்தைக் கோபுரம் மாதிரி வைத்துக்கொண்டு ஒரு வசனம் சொல்வேன்.

"வீட்டுக்கு வர்றவங்க தினமும் ஆளுக்கு ஒரு பிடி போட்டா, மீனுக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது."

இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்காதீர்கள். வாயில் வந்தது. எல்லா வீட்டிலும் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள், அன்றைக்கு ஒரு பிடி போட்டார்கள், மறுநாளே மறந்தார்கள். நான் சொன்னதை ஒருவரும் மதிக்காததால் அந்தக் குளங்களெல்லாம் பிழைத்தன என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

ஆறாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமி போன் செய்தார்.

"சார், ஒரு நடை வந்துட்டுப் போங்கோ."

"என்ன மாமி, மீனெல்லாம் நல்லா இருக்கா?"

"மீன் இருக்கான்னே தெரியலை. தண்ணி கீரை மசியலாட்டம் இருக்கு. இவர் மூணு நாளா எண்ணறேன் எண்ணறேன்னு ஒண்ணுலேயே நிக்கறார்."

போனேன். வாசலிலேயே வாடை வரவேற்றது. குளம் பச்சை. சும்மா பச்சை இல்லை, கட்சிக் கொடி கட்டலாம் என்கிற அளவுக்குப் பச்சை. மாமா கரையில் நாற்காலி போட்டுக்கொண்டு, தண்ணீரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "சிக்னலே கிடைக்கலை" என்றார்.

மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "வர வெள்ளிக்கிழமை இல்லை, அதுக்கு அடுத்த வெள்ளி ஆத்துல சுமங்கலிப் பிரார்த்தனை. நாத்தனார், ஓர்ப்படி எல்லாரும் வரா. இந்த நாத்தத்துல யாருக்கு இலை போடறது? வியாழக்கிழமை கார்த்தால கொத்தனாரை வரச் சொல்லியிருக்கேன். தண்ணி தெளிஞ்சிருந்தா சரி. இல்லேன்னா மண்ணைக் கொட்டி மூடிட்டு, என் துவைக்கிற கல்லைத் திரும்பப் போட்டுப்பேன்."

மாமா மாமரத்தடியில் இருந்த கல்லை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையிலிருந்துதான் என் பைத்தியக்காரத்தனம் கிளம்பியது.

பதினோரு நாள் இருந்தது. பொறுப்பான ஒரு மனிதன் உட்கார்ந்து, "ஆறு வாரமாக நன்றாக ஓடிக்கொண்டிருந்த வடிகட்டி ஏன் தோற்கிறது? எங்கிருந்தோ அதிகமாக ஏதோ உள்ளே வருகிறதா?" என்று யோசித்திருப்பான். நான் உட்காரவே இல்லை. நின்றால் பயம் பிடித்துவிடும் என்று ஓடிக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை, ஒரு தொட்டியில் இருந்த ஜல்லியை முழுக்க வெளியே அள்ளிப்போட்டுக் கழுவினேன். எவ்வளவு அழுக்கு தெரியுமா! வழுவழுவென்று பழுப்பாக. பிரஷ் போட்டுத் தேய்த்தேன். ஆறு வாரமாகக் குடிவந்து, குடும்பம் பெருக்கி, வேலை செய்துகொண்டிருந்த நுண்ணுயிர்களையெல்லாம் ஒரே காலையில் காலி செய்துவிட்டு, பளபளக்கும் ஜல்லியைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். அந்த வழுவழுப்புதான் வடிகட்டி என்று ஊருக்கெல்லாம் வகுப்பு எடுத்தவன் நான். பயம் வந்தால் நாம் முதலில் மறப்பது நமக்கு நன்றாகத் தெரிந்ததைத்தான்.

செவ்வாய்க்கிழமை, தண்ணீர் இன்னும் பச்சை. கல்வாழையைப் பிடுங்கி வேரைக் கழுவினேன். பாவம், அது பிடித்துக்கொண்டிருந்த கொஞ்ச மண்ணும் போனது.

புதன்கிழமை, லாரித் தண்ணீர் வரவழைத்தேன். பாதிக் குளத்தை இறைத்துவிட்டு அப்படியே திறந்துவிட்டேன். நம் ஊர் லாரித் தண்ணீரில் பிளீச்சிங் வாடை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் டிரம்மில் திறந்து வைத்து, வாடை போன பிறகு ஊற்ற வேண்டும் என்பதும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் மாமி சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தொழிலாளி வேகமாக வேலை செய்வதுபோலத் தெரிய வேண்டாமா?

மாலை ஐந்து மணிக்கு இரண்டு மீன்கள் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தன. ஆரஞ்சு ஒன்று, வெள்ளை ஒன்று.

மாமா அவற்றைக் கையாலேயே எடுத்தார். மாமரத்தடியில் குழி தோண்டினார். உதவிக்குப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். மண்ணைத் தள்ளி முடித்த பிறகு என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், ஏதோ தகவல் கேட்பதுபோலக் கேட்டார்.

"அப்போ ரெண்டு வண்டி கேன்சலா?"

என்னை நாலு திட்டு திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை செய்ததை இத்தனை நாள் யாரிடமும் எழுத்தில் சொன்னதில்லை. மத்தியானம் இரண்டு மணி. மாமி சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார், மாமாவும்தான். மாடவீதிக் கடையில் கைப்பிடி அளவுக்குப் படிகாரக் கட்டி ஒன்று வாங்கி வந்திருந்தேன். படிகாரம் போட்டால் கலங்கல் அடியில் படியும் என்று யாரோ சொன்னது நினைவு. மீனுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கட்டியை எதில் மூட்டையாகக் கட்டுவது? பையில் கிடந்தது மாற்று டி-ஷர்ட் ஒன்றுதான். மஞ்சள். அதில் சுற்றி, அரைச் செங்கல்லோடு சேர்த்துக் கட்டி, ஆழமான மூலையில் நழுவவிட்டேன். "செடி இருக்க ரசாயனம் எதற்கு?" என்ற கேள்வி மெதுவாகப் பச்சைக்குள் மூழ்கி மறைந்தது. கையைக் கழுவிக்கொண்டு, மாமி எழுந்து வந்தபோது ஒன்றும் தெரியாதவன் போலச் சேம்பு இலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இலையை எதற்குத் துடைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டாவது தொட்டியின் ஜல்லியில் மண்வெட்டியை வைக்கும் நேரத்தில்தான் பம்பு பாய் வந்தார். ராயப்பேட்டையில் பம்பு ரிப்பேர் கடை வைத்திருப்பவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். பெயர் வேண்டாம், எழுதினால், "என் பேர்ல நீ பெரிய ஆளாவுறியா?" என்பார். பம்பு சரியாக ஓடவில்லையோ என்று சந்தேகப்பட்டு நான்தான் கூப்பிட்டிருந்தேன். அவர் பம்பைத் தூக்கிப் பார்த்தார், காதில் வைத்துக் கேட்டார், திரும்பத் தண்ணீரில் விட்டார். வெளியே குவிந்து கிடந்த பிரஷ், வாளி, லாரிக் குழாய் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இன்னா நைனா, மீனுக்கு வைத்தியம் பண்றியா, கருமாதி பண்றியா?"

"பாய், கிண்டல் பண்ணாதீங்க. அடுத்த வியாழக்கிழமை கொத்தனார் வர்றாரு."

"பம்பு சோக்கா கீது. தண்ணி ஏறுது, எறங்குது. இங்க ரிப்பேர் ஆனது ஒரே மோட்டாருதான்." என் மார்பில் விரலை வைத்துத் தட்டினார். "இது ஓவரா ஓடிக்கினு கீது. மண்வெட்டியக் கீழ வையி."

"இதையும் கழுவிட்டா..."

"வையின்றேன்ல! இந்தத் தொட்டியாவது உயிரோட கீதே, அதையும் சாவடிக்கிறியா? இன்னா பண்ற, நாளைக்குக் காலைல வந்து இந்த சேர்ல குந்து. சாயந்திரம் வரிக்கும் குந்திக்கினே இரு. ஒன்னியும் தொடாத. கை அரிச்சா உன் தொடையச் சொரிஞ்சிக்கோ. தண்ணிக்கு வெளிலேர்ந்து இன்னா போவுதுன்னு மட்டும் பாரு."

"சும்மா உக்காந்தா மாமி என்ன நினைப்பாங்க?"

"அப்பிடிச் சொல்லு. அஞ்சு நாளா நீ குளத்தப் பாக்கல நைனா, மாமி மூஞ்சியப் பாத்துக்கினு கீற."

இந்தத் தொழிலில் நான் பெற்ற உபதேசம் இது ஒன்றுதான். அதுவும் ஓசியில்.

சனிக்கிழமை காலை ஆறேகாலுக்குப் போய் உட்கார்ந்தேன். சும்மா உட்கார்வதைவிடக் கடினமான வேலை நான் பார்த்ததில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கை தானாக வாளியை நோக்கிப் போனது. தொடையைச் சொரிந்தேன்.

ஆறரைக்கு மாமா வந்தார். சுவரோரம் இருந்த பெரிய எவர்சில்வர் டப்பாவைத் திறந்தார். ஒரு கை நிறையப் பொரி எடுத்தார். கண்ணை மூடி, ஒரு நொடி நின்று, குளத்தில் போட்டார்.

ஆறே முக்காலுக்குப் பால்காரர். பாக்கெட்டை வைத்துவிட்டு, டப்பாவைத் திறந்து, ஒரு பிடி. ஏழு மணிக்கு வேலை செய்யும் அம்மா, ஒரு பிடி. பூக்காரம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு பிடி. எதிர் வீட்டுக்காரர் நடைப்பயிற்சி முடிந்து, ஒரு பிடி. மாமியிடம் வீணை கற்றுக்கொள்ள வந்த நாலு பெண்கள், ஆளுக்கு ஒரு பிடி. ஒன்பதரைக்குச் சமையல் எரிவாயு கொண்டுவந்தவர் சிலிண்டரை உருட்டி வைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ரொம்பவும் பக்தியாக, ஒரு பிடி. மாமா பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தார். யாராவது போடாமல் போகப் பார்த்தால், "போட்டுட்டுப் போங்கோ, போட்டுட்டுப் போங்கோ" என்று கூப்பிட்டு நிறுத்தினார்.

மீன்கள் தின்றது கொஞ்சம். மிச்சப் பொரி ஊறி, கனத்து, ஒவ்வொன்றாகப் பச்சைக்குள் இறங்கியது. ஆறு வாரப் பொரி. அடியில் அழுகிக் குழம்பாகி, பாசிக்குப் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தது. எந்தச் செடியால் தின்று முடிக்க முடியும் அதை? நான் ஐந்து நாளும் குனிந்து ஜல்லி கழுவிக்கொண்டிருந்தபோது, என் முதுகுக்குப் பின்னால் மயிலாப்பூரில் பாதி வந்து பொரி போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

"மாமா!" என்று கத்தியேவிட்டேன். "இவ்வளவு பொரி யார் போடச் சொன்னது?"

மாமா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்கதானே சொன்னேள்? ஆத்துக்கு வர்றவா தினமும் ஆளுக்கு ஒரு பிடின்னு. ஒரு நாள் விட்டதில்லை. போன வாரம் எனக்கு ஜுரம், அப்பவும் எழுந்து வந்து போட்டேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக என் பேச்சை ஒரு மனிதர் அப்படியே கேட்டிருக்கிறார். அதன் விளைவு எதிரே பச்சையாகக் கிடந்தது.

சத்தம் கேட்டு மாமி காபி டம்ளரோடு வந்தார். "என்ன, கண்டுபிடிச்சேளா?"

"பொரிதான் மாமி," என்றேன். "பொரி அழுகித்தான் தண்ணி கெட்டுப்போச்சு."

மாமி மாமா பக்கம் திரும்பினார். "நான் அப்பவே நினைச்சேன்! எல்லாம் இவர் பண்ற வேலைதான். டப்பா டப்பாவா வாங்கி வெச்சுண்டு, போறவா வர்றவாளையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு... ரெண்டு உசுரைக் கொன்னுட்டேளே!"

கவனியுங்கள். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பொரி அழுகியது உண்மை. பொரி போட்டது மாமா. வாயைத் திறக்காமல் காபியைக் குடித்தால் போதும், நான் தப்பித்தேன். என் தொழில் தப்பித்தது. லாரித் தண்ணீர் விவகாரமும் பொரிக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். மாமா என்னைப் பார்த்தார். அவர் நினைத்திருந்தால், "இந்த ஆசாமிதான் சொன்னார்" என்று ஒரு வார்த்தையில் என்னைப் பிடித்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு டப்பாவை மூடினார்.

நான் நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். அரை டம்ளர் காபி குடிக்கும் வரைக்கும் பேசாமல்தான் இருந்தேன். அதற்கு மேல் இறங்கவில்லை.

"மாமி, அவரைச் சொல்லாதீங்க. தினம் ஒரு பிடின்னு சொன்னது நான்தான். சும்மா ஒரு பந்தாவுக்குச் சொன்னேன். மீன் செத்தது பொரியாலே இல்ல, நான் ஊத்துன லாரித் தண்ணியாலே."

மாமி என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"குளத்தை மூடறதா வேண்டாமான்னு வியாழக்கிழமை பாத்துக்கறேன். அதுவரைக்கும் நீங்க வாயை மூடிண்டிருங்கோ."

மூடிக்கொண்டேன். டப்பா உள்ளே போய்ப் பூட்டப்பட்டது. மாலையில் வந்துசேர்ந்த பாயும் நானும் மெல்லிய குழாயை வைத்து அடியில் இருந்த பொரிக் குழம்பைக் கிளறாமல் உறிஞ்சி எடுத்து மாமரத்துக்கு ஊற்றினோம். படிகார மூட்டையை எடுத்துவிடலாம் என்று யாரும் பார்க்காதபோது வலைக் கம்பால் துழாவினேன். அகப்படவில்லை. அதற்கும் மேல் துழாவினால், "இன்னா தேடுற?" என்று பாய் கேட்பார். விட்டுவிட்டேன். அதன்பிறகு ஐந்து நாள் ஒன்றுமே செய்யவில்லை. கழுவாமல் தப்பித்த தொட்டியில் வெட்டிவேர் மட்டும் பேசாமல் வேலை பார்த்தது. திங்கட்கிழமை வாடை குறைந்தது. புதன்கிழமை தண்ணீர் வெளிறிய தேநீர் மாதிரி ஆயிற்று.

வியாழக்கிழமை காலை கொத்தனார் வந்தார். வாசலில் மண் மூட்டைகள் இறங்கின. மாமி, மாமா, பாய், நான், எல்லாரும் கரையில். காலை வெயில் நேராகக் குளத்தில் விழுந்திருந்தது. அடி தெரிந்தது!

மாமா குனிந்து எண்ணத் தொடங்கினார். "ஒண்ணு... ரெண்டு..." கொத்தனார் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "ஏழு... எட்டு." நின்றுவிட்டார். திரும்ப முதலிலிருந்து எண்ணினார். எட்டு.

ஒன்பது இருக்க வேண்டும். இன்னொன்றையும் நான் கொன்றுவிட்டேனா?

கொத்தனாருக்கு எங்கள் சோகம் தெரியாது. அவர் குளத்தின் மூலையை எட்டிப்பார்த்து, "அங்க இன்னாவோ மஞ்சளா கீதே" என்றார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எழுத்துக் கூட்டி, உரக்கப் படித்தார். "செடி... இருக்க... ரசாயனம்... எதற்கு?"

தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது. கேள்விக்குறிகூடத் தெரிந்தது.

மாமி என் பக்கம் திரும்பினார். "எதுக்கு சார்?"

இத்தனை வருஷம் அந்த டி-ஷர்ட்டைப் போட்டேன். அந்தக் கேள்வியை ஒருவர் என்னிடமே திருப்பிக் கேட்பார் என்று நினைத்ததில்லை. "படிகாரம்" என்றேன்.

பாய் பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கி, மூட்டையைப் பிடித்துத் தூக்கினார். அதன் அடியிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒன்று விருட்டென்று வெளியே வந்து, குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மற்ற எட்டோடு சேர்ந்துகொண்டது.

மாமாவின் விரல் நீட்டியபடியே அதன் பின்னால் போனது. "ஒம்பது," என்றார். கொஞ்சம் பொறுத்து, "லேட்டு. ஆனா வந்துடுத்து" என்றார்.

பாய் கரையில் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தார். உள்ளே படிகாரக் கட்டி, கடையில் கொடுத்த பிளாஸ்டிக் கவரில், முடிச்சு அவிழாமல், முனை மழுங்காமல் அப்படியே இருந்தது. பாய் அதை வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

"நைனா, கவரையே பிரிக்கல நீ! தப்பாவது ஒழுங்கா பண்ணக் கூடாதா?"

மாமி சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அப்புறம் கொத்தனாரிடம், "அந்தத் துவைக்கிற கல்லை மாமரத்துக்கு அந்தப் பக்கம் போட்டுக் குடுப்பா. மண்ணை அங்க கொட்டிக்கோ" என்றார். அன்றைக்கு மாமாவுக்குக் காபி சீக்கிரம் வந்தது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். குளம் கலங்கினால் கையைக் கட்டிக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்காருங்கள். கடைசியில் குற்றவாளி நீங்களாகவே இருக்கலாம்; அதற்கும் தயாராக உட்காருங்கள். திறப்பு விழாவில் எதையாவது சொல்லத் தோன்றினால் தண்ணீர் குடியுங்கள். சென்னையில் எங்கோ ஒரு வீட்டில், நாம் சொல்வதை உண்மை என்று நம்பிவிடுகிற ஒரு மனிதர் இருக்கிறார்.

மஞ்சள் டி-ஷர்ட்டை மாமி கரை துடைக்க வைத்துக்கொண்டார். படிகாரக் கட்டியைக் கறுப்புக் கயிற்றில் கட்டி, திருஷ்டிக்கு வாசல் நிலையில் தொங்கவிட்டிருக்கிறார். போன மாதம் அந்தப் பக்கம் போனேன். யாரோ உறவுக்காரர் அதைக் காட்டி, "நல்ல பெரிய கட்டியா இருக்கே, எங்க வாங்கினேள்?" என்று கேட்டார்.

"நம்ம குளத்து இன்ஜினியர் குடுத்தது," என்றார் மாமி, என்னைப் பார்த்துக்கொண்டே. "தண்ணியில போட்டாக்கூட கரையாது."